இடது பக்கம் தாதிக்கு, வலது பக்கம் எனக்கு

மே 2, வெள்ளி

இந்தக் கொப்பியை இன்று தாதி மரிசெல் கொண்டுவந்து தந்தாள். மட்டையில் பெரிய சூரியகாந்திப் பூ. வருத்தக்காரர் இருக்கிற வீட்டுக்குக் கொண்டுவரும் கொப்பியில் பூ என்ன பூ?

என் கணவர் தில்லையம்பலத்துக்கு முதுகெலும்பில் புற்றுநோய். ஒன்றரை வருடமாகிறது. மோர்பின் கொடுத்தால் சத்தி எடுக்கிறார், மிச்ச நேரம் நித்திரை. கொடுக்காவிட்டால் கதிரையில் பத்து நிமிடம் இருக்க முடியாது. வருகிற ஜூன் எட்டாம் திகதி எங்கள் ஒரே பிள்ளை ஆரபிக்குக் கலியாணம். மணவறையில் இவரும் நானும் சோடியாக இருந்து அவளைத் தாரை வார்த்துக் கொடுக்க வேண்டும். ஐயர் எவ்வளவு சுருக்கினாலும் ஒரு மணித்தியாலம் பிடிக்கும். அந்த ஒரு மணித்தியாலம் நோவும் அடங்கியிருக்க வேண்டும், புத்தியும் தெளிவாக இருக்க வேண்டும். டொக்டரிடம் இவர் வாய் திறந்து கேட்டது இது ஒன்றைத்தான். அதற்கு அவர் எழுதித் தந்தது கஞ்சா எண்ணெய்.

கஞ்சா! ஊரில் அதன் பெயரைச் சொன்னாலே வாயில் அடி விழும். இந்த நாட்டில் அதற்குச் சட்டம், கடை, பற்றுச்சீட்டு, பிள்ளைகள் திறக்க முடியாத மூடி. ஒரு சின்னக் குப்பியும் ஊசியில்லாத சிறிஞ்சும்.

மரிசெல் மேசையில் இருந்து எனக்குப் பாடம் எடுத்தாள். முதலில் 0.1 மில்லிலீட்டர். அதற்குள் இரண்டரை மில்லிகிராம்தானாம். சாப்பாட்டுக்குப் பிறகு கொடுக்க வேண்டும். விழுங்குகிற மருந்து மெல்லத்தான் ஏறும், இரண்டு மணித்தியாலமும் ஆகலாம். ஒன்றும் நடக்கவில்லையே என்று அதற்குள் இன்னொரு தரம் கொடுக்கவே கூடாது. தன்னைக் கேட்காமல் அளவைக் கூட்டக் கூடாது. ஆளைத் தனியாக நடக்க விடக் கூடாது. குப்பியைப் பூட்டி வைக்க வேண்டும். ஒவ்வொரு தரமும் நேரம், அளவு, என்ன சாப்பிட்டார், பத்துக்கு எத்தனை நோ என்று முன்னும் பின்னும் எழுத வேண்டும். "இரண்டாம் தரம் கொடுக்கவே கூடாது" என்பதை மூன்று தரம் சொன்னாள். நான் பத்தொன்பது வருடம் கேக் பக்டரியில் மா நிறுத்தவள். ஒரு கிராம் கூடினால் தட்டோடு எறிந்தவள். எனக்கு அளவு சொல்லித் தர வந்துவிட்டாள்.

கொப்பியின் இடது பக்கத்தில் ஆங்கிலத்தில் அவளுக்கு வேண்டிய இலக்கங்களை எழுதுவேன். வலது பக்கம் எனக்கு. மரிசெல் பிலிப்பைன்ஸ்காரி. ஆரபியின் தமிழ் ஆனா ஆவன்னாவோடு நின்றுவிட்டது. ஆகவே இங்கே நான் யாரையும் ஏசலாம்.

மே 3, சனி

இரவு ஏழு மணி. சாப்பாடு உப்புக் கஞ்சி. வேறொன்றும் அவருக்கு வயிற்றில் நிற்பதில்லை. 0.1.

"எத்தினை?" என்று கேட்டேன்.

"மூண்டு."

மூன்று என்கிற மனிதர் கட்டில் சட்டத்தை ஏன் அந்தப் பிடி பிடித்திருக்கிறார்? ஒன்பது மணிக்குத் திரும்பவும் கேட்டேன். அப்போதும் மூண்டு.

மே 5, திங்கள்

அதே 0.1. அதே மூன்று. முப்பது வருடம் தபாற்கந்தோரில் முத்திரை விற்ற மனிதருக்கு வேறு இலக்கம் தெரியாதா?

மே 7, புதன்

மரிசெல் போனில் 0.2 ஆக்கச் சொன்னாள். எட்டரை மணிக்கு வாய் காய்கிறது என்று தேத்தண்ணி கேட்டார். கண் இலேசாகச் சிவந்திருந்தது. பாண் சுடுகிற மெசினைப் பார்த்துத் தனியாகச் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என்ன சிரிப்பு?" என்றால், "அது ஒவ்வொரு நாளும் திடுக்கிட்டுத் துள்ளுது, பாவம்," என்கிறார்.

ஆனால் விடியும்வரை முனகல் இல்லை.

மே 11, ஞாயிறு

கொழுந்து மச்சாள் வந்தாள். சிவக்கொழுந்து, இவரின் ஒரே தங்கச்சி. அவளுக்கு இருப்பது கண் இல்லை, சுடுகிற துவக்கு. குசினி மேசையில் இருந்த குப்பியை ஒரே பார்வையில் வாசித்துவிட்டாள்.

"மச்சாள், அண்ணைக்குக் கஞ்சாவோ குடுக்கிறியள்?"

"டொக்டர் எழுதித் தந்தது."

"எண்டாலும் கலியாண வீடெல்லோ மச்சாள்."

அவள் வாசலைத் தாண்டி ஒரு மணித்தியாலம் ஆகவில்லை, மாப்பிள்ளையின் தாய் போன் எடுத்து, "சம்பந்திக்கு என்னவாம்?" என்று இழுத்தார். முதுகில் பூசுகிற எண்ணெய் என்று சொல்லி வைத்தேன். பொய்தான். இவள் ஊதிவிட்ட நெருப்பை வேறு எதை ஊற்றி அணைக்கிறது? குப்பியை என் நகை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன்.

மே 14, புதன்

கலியாணம் காலையில் என்பதால் மரிசெல் சொற்படி இன்று காலை எட்டு மணிக்குக் கொடுத்துப் பார்த்தோம். கஞ்சி, 0.2. ஒன்பதரைக்கு மேசையில் வந்து இருந்தார். ஐம்பது நிமிடம். அழைப்பிதழ் உறைகளில் தன் கையாலேயே பெயர் எழுதினார். நான் எழுதி வைத்திருந்த இரண்டு விலாசங்களில் பிழை பிடித்தார். பழைய தில்லையம்பலம், அப்படியே.

குசினிக்குள் போய்ச் சட்டியை ஓங்கி வைத்தேன். இப்படி இருக்கக்கூடிய மனிதரை ஒன்றரை வருடம் சத்தியிலும் மயக்கத்திலும் கிடக்க விட்டவர்கள் யார்? அவர்கள் ஒவ்வொருவரையும் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது.

மே 24, சனி

இன்று எங்கள் வீட்டில் பலகாரச் சூடு, கலியாணத்துக்குப் பலகாரம் சுடுகிற நாள். இடது பக்கத்தில் எழுதியது: பதினொரு மணி, 0.2. சாப்பாடு பலகாரம், கொழுந்து மச்சாள் கொடுத்தது. நோ 3. பின்னேரம் சுகமில்லை.

எண்ணெய்ச் சட்டிகள் கிடக்கின்றன. போய்க் கழுவ வேண்டும்.

மே 25, ஞாயிறு

நேற்று எழுதாமல் விட்டதை இன்று எழுதுகிறேன்.

நேற்று ஒன்பது பெண்கள் வந்திருந்தார்கள். ஹோலில் வெள்ளைத் துணி விரித்து, நடுவில் உரலும் தட்டுகளுமாக இருந்து முறுக்குப் பிழிந்தார்கள். குசினியில் இரண்டு அடுப்பில் எண்ணெய் கொதித்தது. இவரைச் சாய்கதிரையில் இருத்தியிருந்தோம். கொழுந்து ஒவ்வொரு ஈடு இறக்கும்போதும் ஓடி வந்தாள். "அண்ணை, பதம் பார்த்துச் சொல்லுங்கோ." பயற்றம் பணியாரம், முறுக்கு, கொக்கிஸ். கஞ்சியைத் தவிர ஒன்றும் தொடாத மனிதர் தங்கச்சிக்காக ஆறு சாப்பிட்டார். எண்ணெய் ஊறி விரலால் வடிந்தது. நான் கண்ணைக் காட்டினேன், பல்லைக் கடித்தேன், அவள் கண்டால்தானே.

பதினொரு மணிக்கு அறைக்குள் கூட்டிப்போய் மருந்து கொடுத்தேன். பன்னிரண்டேகாலுக்குப் போய்ப் பார்த்தால் தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு கிடக்கிறார். ஹோலில் சிரிப்பு. என் கையெல்லாம் மா.

"எத்தினை?"

"மூண்டு."

எனக்கு வந்த கோபம் எனக்குத்தான் தெரியும். செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு முறுக்குப் பிழியப் போனேன்.

இரண்டரை மணி இருக்கும். சுவரைப் பிடித்துக்கொண்டு ஹோலுக்கு வந்து நின்றார். கண் இரத்தமாகச் சிவந்திருந்தது. விரித்த வெள்ளைத் துணியைப் பார்த்தார், சுற்றி இருந்த பெண்களைப் பார்த்தார், பிறகு அடுப்பைப் பார்த்தார்.

"ஆர் அடுப்பு மூட்டினது?" என்றார்.

"பலகாரச் சூடெல்லோ அண்ணை," என்றாள் கொழுந்து.

"செத்தவீட்டிலை அடுப்பு மூட்டுறதே? இன்னும் பிரேதம் எடுக்கேல்லையெல்லோ."

"ஆற்றை செத்தவீடு அண்ணை?"

"என்ரை."

ஆரபி ஓடி வந்து கையைப் பிடித்தாள். அவள் முகத்தை உற்றுப் பார்த்து, "பிள்ளை, எப்பவாம் எடுக்கினம்?" என்று கேட்டார். கலியாணத்துக்கு இரண்டு கிழமை இருக்கிற பிள்ளையிடம் கேட்டார்.

அவருக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது, கை குளிர்ந்துபோயிற்று. ஆரபி மரிசெல்லுக்குப் போன் அடித்தாள். வெளிச்சத்தைக் குறைத்து, சத்தமில்லாத அறையில் படுக்க வையுங்கள், ஒருவர் பக்கத்திலேயே இருங்கள், தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள், இது மருந்தின் வேலை, இறங்கிவிடும் என்று சொல்லிக்கொண்டே இருங்கள், மேலே எந்த மருந்தும் கொடுக்காதீர்கள் என்றாள். நெஞ்சு நொந்தால், மூச்சு முட்டினால், எழுப்ப எழும்பாவிட்டால் ஒரு நிமிடமும் நில்லாமல் அம்புலன்சைக் கூப்பிடச் சொன்னாள். ஏழு மணி வரைக்கும் நான் பக்கத்தில் இருந்தேன். "நான் செத்துப்போட்டனோ?" என்று கேட்பார். "இல்லை, இருக்கிறியள்," என்பேன். ஒரு நாற்பது தரம் சொல்லியிருப்பேன்.

எல்லாம் கொழுந்தின் பலகாரத்தால் வந்தது. வந்தவர்களுக்கும் அதைத்தான் சொன்னேன்.

மே 26, திங்கள்

மரிசெல் வந்தாள். எண்ணெய்ச் சாப்பாட்டோடு இந்த மருந்து போனால் ஏறச் சுணங்கும், ஏறினால் கூடுதலாக ஏறும் என்றாள். பிறகு இடது பக்கத்தை விரலால் தொட்டு, "0.2 மட்டும்தானா?" என்றாள்.

ஓம் என்றேன்.

குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். இருக்க வேண்டியதைவிடக் குறைவாக இருக்கிறதாம். மூடி சரியில்லை, கசிந்திருக்கும் என்றேன். பொலிஸ்காரி மாதிரி குப்பியைச் சோதிக்கிறதுக்கா இவளுக்குச் சம்பளம்?

போகும்போது சொல்லிவிட்டுப் போனாள். 0.2க்கே இப்படி ஆகிறது என்றால் இவர் உடம்புக்கு இது ஒத்துவராது, நிறுத்துவோம், திரும்ப மோர்பின்தான். இவரும், "அந்தச் சனியனை இனி என்ரை கண்ணிலை காட்டாதையும்," என்று சொல்லிவிட்டார்.

மே 28, புதன்

ஆரபி வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றாமலே சொன்னாள்.

"அம்மா, அப்பாக்கு ஏலாது. மாமியும் மாமாவும் மணவறையிலை இருக்கட்டும்."

கொழுந்தும் புருஷனும்! நான் பெற்று வளர்த்த பிள்ளைக்கு அவள் தண்ணீர் வார்க்க, நான் முன்வரிசைக் கதிரையில் கைதட்டிக்கொண்டு இருக்கவா? குதிரை கீழே தள்ளியதும் போதாமல் குழியும் பறித்ததாம். கொழுந்துக்குப் போன் எடுத்துக் கிழித்தேன். "நான் கேக்கேல்லை மச்சாள், பிள்ளைதான் கேட்டது," என்று அழுகிறாள். அழட்டும்.

இவர் ஒரு வார்த்தை மறுத்துச் சொல்வார் என்று அறைக்குப் போனேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். "கொழுந்து செய்யட்டும். என்ரை மூளையை இனி நம்பேலாது. சபையிலை அப்பிடி ஏதும் கதைச்சா பிள்ளை தாங்காது," என்றார்.

மே 29, வியாழன்

பகல் முழுக்க முனகல், கேட்டால் மூண்டு.

மே 30, வெள்ளி

மூடி கசியவில்லை.

அன்றைக்குப் பன்னிரண்டேகாலுக்கு அலுமாரியைத் திறந்து இரண்டாம் தரமும் கொடுத்தவள் நான்தான். மாக் கையோடு கொடுத்தேன். அதுவும் 0.2 இல்லை, 0.3. ஒரு பனடோலுக்குத் தலையிடி கேட்காவிட்டால் இன்னொன்று போடுகிறதில்லையா, அந்த நினைப்புத்தான். அவர் வேண்டாம் என்றுகூடச் சொல்லவில்லை. என்ன தருகிறேன் என்று கேட்கவும் இல்லை. வாயைத் திறந்தார், அவ்வளவுதான். நோவில் கிடந்தவருக்கு அது இரண்டாம் தரம் என்பதே நினைவில்லை.

சொல்லியிருக்கலாம். மரிசெல் அப்படித் துளைக்காமல் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கொழுந்து அன்றைக்கு அந்த ஒன்பது பேருக்கு முன்னால் என்னை அப்படிப் பார்க்காமல் இருந்திருந்தால் சொல்லியிருப்பேன். இல்லை, சொல்லியிருக்க மாட்டேன். ஒரு கிராம் கூடினால் தட்டோடு எறிந்தவள் என்று பெருமை அடித்தவள் நான்.

என் பிழையைத் தன் மூளையின் பிழை என்று நம்பிக்கொண்டு அந்த மனிதர் சுவரைப் பார்த்துக் கிடக்கிறார்.

மே 31, சனி

வாயால் சொல்லப் பார்த்தேன், வரவில்லை. இந்தக் கொப்பியை நேற்றைய பக்கத்தில் திறந்து, மூக்குக்கண்ணாடியையும் போட்டுவிட்டு, அவர் மடியில் வைத்தேன். கட்டில் காலடியில் நின்றேன். முதற்பக்கத்துக்குத் திருப்பி அங்கேயிருந்து வாசித்தார். தபாற்கந்தோர்க்காரர், ஒரு வரியும் தாண்டமாட்டார்.

வாசித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ரெண்டு தரமோ தந்தனீர்?"

"ஓம்."

"ஒரு கிழமையா எனக்கு விசர் பிடிச்சிட்டுதெண்டு நினைச்சுக்கொண்டு கிடக்கிறன். நீர் பார்த்துக்கொண்டு நிண்டனீர்!"

"நீங்கள் மூண்டு மூண்டெண்டு சொன்னா நான் என்னத்தைச் செய்யிறது? ஒரு நாளாவது உண்மையைச் சொன்னியளே?"

"ஒன்பது!" என்று கத்தினார். "அண்டைக்கு ஒன்பது! ஒவ்வொரு நாளும் ஏழு! போதுமே?"

"ஏன் சொல்லேல்லை?"

"சொன்னா ஆஸ்பத்திரியிலை கொண்டுபோய்ப் போடுவினம். பிள்ளையின்ரை கலியாணம் தள்ளிப்போகும். அதுக்குத்தான்! ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்கேல்லை. ரெண்டு மணித்தியாலம் பொறுத்திருக்கேலாதே உமக்கு?"

"சுவருக்கு அங்காலை நீங்கள் முனகிக்கொண்டிருக்க, நான் எப்பிடிப் பொறுக்கிறது?"

கஞ்சிக் கோப்பையைத் தூக்கி எறிந்தார். யன்னலுக்குக் கீழே பட்டு உடைந்தது. நானும் விடவில்லை. முப்பத்திநாலு வருடத்தில் இப்படி ஒரு சண்டை நாங்கள் பிடித்ததில்லை. ஆரபி மேல்மாடியில் இருந்து ஓடி வந்து வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். இந்தக் கொப்பியில் அவர் சொன்ன இலக்கமும் பொய், நான் எழுதிய இலக்கமும் பொய். அதை வைத்துக்கொண்டு அந்தத் தாதிப் பெண் எங்களுக்கு அளவு பார்த்திருக்கிறாள்.

ஜூன் 2, திங்கள்

மரிசெல்லிடம் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். புதுப் பக்கம் புரட்டி, "இனி உண்மை," என்றாள். டொக்டரோடு அங்கேயே போனில் கதைத்தாள். திரும்ப 0.1இல் இருந்து. கஞ்சியோடு மட்டும். மூன்றாம் நாள் 0.2. அதற்கு மேல் ஒரு துளியும் இல்லை.

ஆனால் ஏழையும் ஒன்பதையும் கேட்ட டொக்டர் வேறொன்றும் சொன்னார். மூன்று என்று நினைத்துத்தான் இவரை வீட்டில் வைத்திருக்க விட்டாராம். கலியாணம் முடிய, கடைசிக் காலப் பராமரிப்பு இல்லத்தில் இடம் கேட்கப் போகிறார். இவர் பயந்தது அதற்குத்தான். ஆனாலும் சரி என்று தலையை ஆட்டினார்.

கொழுந்து வீட்டுக்கும் போனேன். "மச்சாள், உம்மடை பலகாரத்தாலை மட்டுமில்லை. நான் கூடக் குடுத்திட்டன்," என்றேன். அவள் என்னை அறைவாள் என்று நினைத்தேன். "ஒரு கிழமையா எனக்குச் சோறு இறங்கேல்லை மச்சாள். என்ரை கையாலை அண்ணையைக் கொன்றிருப்பனெண்டு," என்று சொல்லிக் கட்டிப் பிடித்தாள். மணவறையில் அண்ணைதான் இருக்க வேண்டும் என்று ஆரபிக்கு அவளே போன் எடுத்துச் சொன்னாள்.

ஜூன் 5, வியாழன்

காலை எட்டு மணி. கஞ்சி. 0.2. முன் 7, பின் 4. பேச்சு நேராக, நடை மெல்ல.

என்னோடு கதைப்பதில்லை. சிறிஞ்சைக் கையில் வாங்கி, கோட்டைத் தானே பார்த்து, தானே வாயில் விடுகிறார். கேட்டால் இலக்கத்தை மட்டும் சொல்கிறார்.

ஜூன் 8, ஞாயிறு

தாரை வார்க்கும் வரை தாய் தகப்பன் பட்டினி கிடப்பது முறை. மருந்துக்குக் கஞ்சி வேண்டும் என்றேன். "மருந்துக்கு விரதமில்லையம்மா," என்றார் ஐயர். எட்டேகாலுக்குக் கஞ்சி, எட்டரைக்கு 0.2.

பத்து மணிக்கு மணவறையில் ஏற்றினோம். கதிரைக்கு மேல் தலையணை போட்டோம். வேட்டி கட்டி, சால்வை போட்டு, நெற்றி நிறைய விபூதியோடு இருந்தார். கோத்திரம் கேட்டபோது மூன்று தலைமுறைப் பெயரையும் தடக்காமல் சொன்னார். ஆரபியின் கையை எடுத்து மாப்பிள்ளையின் கையில் வைத்தார். நான் செம்பால் தண்ணீர் வார்த்தேன்.

குனிந்து, "எத்தினை?" என்று கேட்டேன்.

"அஞ்சு," என்றார். பிறகு, எட்டு நாளுக்குப் பிறகு, முதல் வசனம். "ஐயரைக் கெதியா முடிக்கச் சொல்லிப்போடாதையும்."

ஒரு மணித்தியாலமும் பத்து நிமிடமும் இருந்தார். தாலி கட்டியபோது அட்சதையை மற்ற ஆண்களைப் போலவே வீசி எறிந்தார்.

ஜூன் 10, செவ்வாய்

பராமரிப்பு இல்லத்தில் இடம் கிடைத்துவிட்டது. வியாழக்கிழமை காலை.

போனை வைத்துவிட்டு வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். கொழுந்து நேற்று முழுக்க நின்று கலியாணச் சட்டிகள் அத்தனையையும் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறாள். மரிசெல் இன்று லீவு நாளிலும் வந்து, இல்லத்துத் தாதிமாருக்கு எண்ணெயின் அளவை எழுதிக் கொடுத்திருக்கிறாள். ஆரபி மாப்பிள்ளை வீட்டிலிருந்து அரைமணிக்கொருதரம் போன் எடுக்கிறாள். அவர் சாய்கதிரையில் கால் நீட்டிக்கொண்டிருந்தார். மேசையைத் துடைத்தேன். துடைத்த மேசையைத் திரும்பத் துடைத்தேன். அவருடைய சாரங்களை மடித்துப் பையில் வைத்தேன். எத்தனை வைப்பது என்று தெரியாமல் நின்றேன்.

"மங்கை," என்று கூப்பிட்டார்.

"என்ன? கூடிட்டுதே? எத்தினை?"

"ஆறு. அதில்லை." என் கையிலிருந்த சாரத்தைப் பார்த்தார். "என்ன வீட்டிலை சத்தத்தைக் காணேல்லை? ஆரையாவது ஏசுமன்."

வாயைத் திறந்தேன். ஒருவருடைய பெயரும் வரவில்லை.